கரிநாக்கு

கொஞ்சம் தண்ணீர் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று என்னிடம் கேட்காத ஆளே இந்த வட்டாரத்தில் கிடையாது. லோரி ஓட்டுகிறவர் கேட்டிருக்கிறார், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கேட்டிருக்கிறார், என் மாமியார்கூடக் கேட்டிருக்கிறார். காங்கிரீட்டைச் சாம்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விருந்தாளி கூடினால் ஒரு சொம்பு சேர்த்துக்கொள்ள. இறுகிப்போன காங்கிரீட்டில் தண்ணீரைப் பாய்ச்சினால் வழவழவென்று ஓடும், வேலை சட்டென்று முடியும், காய்ந்த பிறகு பார்க்க லட்சணமாகவும் இருக்கும். பலம் மட்டும் இருக்காது. பலம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் என்னைப் போன்றவளுக்குச் சம்பளம் கொடுத்து வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

வேலையின் பெயர் கிளார்க் ஆஃப் வர்க்ஸ். எஞ்சினியர் வரைந்து கொடுத்தபடி குத்தகையாளர் கட்டுகிறாரா என்று சைட்டில் நின்று பார்க்க வேண்டும். தோட்டத்துச் சனங்களுக்குக் கிளார்க் என்றால் கிராணி. அதனால் நான் கிராணியம்மா. அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த மண்டபம் வரும் வரை.

சபாக் போகும் வழியில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு தமிழ்ப்பள்ளி. அதற்கென்று, கீழே சிற்றுண்டிச்சாலை, மேலே மண்டபமாக புதிதாக ஒரு கட்டடம். கீழே சாப்பிடும் பிள்ளைகளுக்குக் கூரை எதுவோ, அதுவேதான் மேலே ஆடும் பிள்ளைகளுக்குத் தரை. என் மகள் அப்போது அங்கே முதலாம் ஆண்டு. என் கணவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். மண்டபக் கமிட்டியிலும் ஓடியாடுகிறவர் அவர்தான். இரண்டையும் முதல் நாளே என் முதலாளியிடம், அதாவது எஞ்சினியரிடம், சொன்னேன். வேறு ஆளைப் போடுங்கள் என்றும் சொன்னேன்.

"ஒம் பிள்ள படிக்கிற ஸ்கூலா? அப்ப இன்னும் கவனமா பாப்ப லா," என்றார்.

கவனமாகப் பார்த்துத் தொலைத்தேன். அதுதான் என் குற்றம்.

மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாளைக் கமிட்டி பஞ்சாங்கம் பார்த்துக் குறித்திருந்தது. காலையில் காங்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த பலகை மேலேயே கற்பூரம் காட்டி, முதல் லோரியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து அமர்க்களமாக ஆரம்பித்தார்கள். பெற்றோர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் சமைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் லோரி வந்தது, நல்ல காங்கிரீட், நானே சோதித்து இறக்கச் சொன்னேன். இரண்டாவது லோரி வரவில்லை. சுங்கை புரோங் பக்கம் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்த அறுவடை இயந்திரங்களுக்குப் பின்னால் லோரி மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் உள்ளிருந்தது எல்லாம் இறுகிய பிறகுதான் வந்து சேர்ந்தது. வந்ததும் ஓட்டுநர் இறங்கி, என் கண்ணெதிரே, ரப்பர் குழாயை எடுத்துத் தொட்டிக்குள் சொருகினார்.

நான் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கிப்போட்டேன். அதற்குள் வேண்டிய மட்டும் குடித்திருந்தது. சோதனைக்கான இரும்புக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல காங்கிரீட் கொஞ்சம் அமர்ந்து நிற்கும். இது கஞ்சி மாதிரி தரையில் பரவியது. லோரியைத் திருப்பி அனுப்புங்கள் என்று குத்தகையாளரிடம் சொன்னேன்.

அவர் வெள்ளைச் சட்டை, விபூதி, சிரித்த முகம். யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். "தங்கச்சி, திருப்பி அனுப்பினா இன்னிக்கு வேற லோரி கெடைக்காது லா. பாதியில நிறுத்தினா ஒட்டு விழும். அது மட்டும் நல்லதா?" என்றார்.

"ஒட்டை முறையா விட்டா நாளைக்குச் சேத்துப் போடலாம்ணே. இதப் போட்டீங்கன்னா எடுக்கவே முடியாது."

"தாப்பா லா, ஒன்னும் ஆகாது. எத்தன வருசமா கட்டறோம்."

"அண்ணே, இது பிள்ளைங்க தலைக்கு மேல நிக்கப்போறது. விழுந்தா யாரு பதில் சொல்றது?"

சமைத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள். காலையில் காட்டிய கற்பூரத் தட்டு இன்னும் ஓரமாக இருக்க, நல்ல காரியம் நடக்கும் இடத்தில், நான் 'விழுந்தா' என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. நான் முதலாளிக்குப் போன் போட்டு, அவர் எடுக்காமல், மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். குத்தகையாளர் மண்டோருக்குக் கண்ணைக் காட்டினார். பம்பு ஓட ஆரம்பித்தது. வங்காளதேசத் தொழிலாளர்கள் என்னை ஒரு தரம், அவரை ஒரு தரம் பார்த்தார்கள். பிறகு சம்பளம் கொடுக்கிறவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நிறுத்து நிறுத்து என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் கணவர் வந்து என் முழங்கையைப் பிடித்தார், அழுத்தியே பிடித்தார். "எல்லாரும் பாக்குறாங்க. வாய மூடு," என்றார்.

லோரி காலியானது. பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு யாரும் இலை போடவில்லை.

காங்கிரீட் போடும்போதே சின்னச் சின்னக் கட்டிகளாக அச்சில் எடுத்து வைத்து, காய்ந்த பிறகு ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பது வழக்கம். கட்டி தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்று கணக்கு. நான் மேலே கத்திக்கொண்டிருந்த நேரத்தில், கீழே மண்டோர் எல்லா அச்சையும் முதல் லோரியின் நல்ல காங்கிரீட்டால் நிரப்பி முடித்திருந்தார். கட்டிகள் பிரமாதமாகத் தேறின. அதைக் கையில் வைத்துக்கொண்டு குத்தகையாளர் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தார்.

நான் எழுந்து, தளத்தில் துளை போட்டு, உருளை உருளையாகத் துண்டு எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும், துளையை அடைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு தாயார் தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "பொறந்த பிள்ளைய வெட்டிப் பாக்கச் சொல்ற மாதிரி இருக்கு. ஒங்க மகளும் அங்கதானே படிக்குது? எப்படி அந்த வார்த்த வாயில வருது?"

"விழும்னு நான் சொல்லலைங்க. தாங்கும்னு என்னால சொல்ல முடியல, அவ்வளவுதான்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தகரக் கேபினில் பிள்ளைகள் வேகிறார்கள், வருடாவருடம் பெற்றோர்கள் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போகிறார்கள், மண்டபம் தள்ளிப்போனால் பள்ளியே மிஞ்சாது என்று நிதானமாகச் சொன்னார். அது பொய் இல்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு இன்றுவரை முழுசாகக் கோபம் வரவில்லை. மற்றவர்கள் மேல் வருகிறது. வயிறு எரிய எரிய வருகிறது. அந்தக் கூட்டத்தில் என் கணவர் கடைசிவரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது யாரோ ஒருவர், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "கரிநாக்கு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இவ வாயாலதான் ஆகும்."

பாருங்கள் நியாயத்தை! தண்ணீர் விட்டவன் உத்தமன். தண்ணீர் விட்டான் என்று சொன்னவள் சொன்ன சொல்லால் கட்டடம் விழும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "நீ நேர்மையா இருக்கறது கம்பெனிக்கு ரொம்ப நல்லது. ஆனா வேற சைட்ல இரு," என்றார். சபாக்கில் ஒரு சாக்கடை வேலைக்கு என்னை அனுப்பிவிட்டு, பள்ளிக் கட்டடம் சரியாக இருக்கிறதென்று அவரே கையெழுத்துப் போட்டார். நான் மேலிடத்துக்கு எழுதினேன். கையெழுத்துப் போட்டவரிடமே விளக்கம் கேட்டார்கள், அவரும் அழகாக விளக்கினார்.

திறப்பு விழாவுக்கு அரசியல்வாதி வந்தார், குத்தகையாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் மகள் வரவேற்பு நடனத்தில் இருந்தாள். வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டேன். "ஒன் பிடிவாதத்துக்குப் பிள்ளையோட ஆசையில மண்ணள்ளிப் போடாத," என்று சொல்லிவிட்டு அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். மேலே போகவில்லை. சிற்றுண்டிச்சாலையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சலங்கைகள் தொம் தொம்மென்று மிதித்தன. அவற்றில் எது என் மகளின் கால் என்று தெரியவில்லை. விழுந்தால் நானும் அடியில் இருக்கிறேன் என்பது மட்டும்தான் அப்போது எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கேசரி அள்ளி வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னைக் கவனித்துவிட்டார்கள். "பாரு, பாத்துக்கிட்டே நிக்கிறா. கண்ணு வைக்கிறா," என்றாள் ஒருத்தி. விழா முடிந்ததும் வாசலில் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்கள். என்னைக் கடந்து போகச் சொல்லிவிட்டு, என் முதுகுக்குப் பின்னாலேயே உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் கணவரின் பெயருக்கு மட்டும் வரும். மகளை வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்றேன். "கமிட்டிக்காரன் பிள்ளையையே மாத்தினா ஊரு காறித் துப்பும்," என்றார். சாப்பாடு கட்டிக் கொடுத்து வெளியே மரத்தடியில் சாப்பிடச் சொன்னேன். எல்லோரோடும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஆசிரியை அவளை உள்ளே அழைத்துக்கொண்டார். ஆண்டு விழா, பரிசளிப்பு, தீபாவளி உபசரிப்பு எல்லாம் அங்கேயே நடந்தன. ஒவ்வொரு விழா முடிந்ததும் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்லாத்தான் நிக்குது," என்பார். நான் ரசம் ஊற்றுவேன்.

ஒரு பொய்க்காரியாக வாழ்வது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேட்கலாம். அந்தக் கட்டடம் நின்ற ஒவ்வொரு நாளும் நான் பொய் சொன்னதற்குச் சாட்சி. மழை பெய்தால் மற்ற தாய்மார்கள் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் சன்னலோரம் நின்று காது கொடுத்துக் கேட்பேன். என்ன கேட்கிறேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வருடம் மகள் ஐந்தாம் ஆண்டு. விடாமல் மழை கொட்டிய ஒரு வாரத்தில், சாயங்காலம் தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, கேண்டீன் மேல கோடு விழுந்திருக்கு."

"எங்க?"

"நாங்க உக்கார்ற மேசைக்கு நேரா மேல. தூண்லேருந்து ஃபேன் வரைக்கும் போவுது."

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடம்பெல்லாம் குளிர்ந்துபோன சந்தோஷம். வந்துவிட்டதடி என்றது மனசு. பொன்னாடை போர்த்திக்கொண்டவரும், கையெழுத்துப் போட்டவரும், பூசணிக்காய் உடைத்தவர்களும் வரிசையாக வந்து என் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தேன். என் கணவரையும் பார்த்தேன். அந்த மேசையில் யார் உட்காருகிறாள் என்பது மட்டும் என் நினைப்பிலேயே இல்லை.

"பெரிசா இருக்கா? வெரல் நுழையுமா?" என்று கேட்டேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "ஏம்மா சிரிக்கிறீங்க?"

நான் வாயைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்ப அவங்க சொல்றது நெசமாம்மா? அது விழணும்னுதான் நெனைக்கிறீங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். நான் யோசித்தேன். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய், கூடத்தில் இருந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. என் கணவருக்குப் போன் போட்டு, அவர் வந்து, தலைமையாசிரியரிடம் பேசி, ஒரு வழியாக என்னை உள்ளே விட்டபோது மேல்தளத்தின் அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. காலையிலேயே பூசி வெள்ளை அடித்துவிட்டார்கள். வெறும் மேற்பூச்சு வெடிப்பாகவும் இருந்திருக்கலாம், காங்கிரீட்டே விட்டுக்கொடுத்த வெடிப்பாகவும் இருந்திருக்கலாம். பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

இப்போது பள்ளிவிட்டு வந்ததும் மகளிடம் கேட்கிறேன், மறுபடி கோடு தெரிகிறதா, தூண் ஓரம் ஈரம் கசிகிறதா, கதவு இறுகிக்கொள்கிறதா என்று. "ஒன்னும் இல்லம்மா, எல்லாம் நல்லா இருக்கு," என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டாளா, பார்த்தும் என்னிடம் சொல்லாமல் இருக்கிறாளா, தெரியவில்லை. ஓய்வு நேரத்தில் அதே மேசையில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.