சூசைராஜ் மாமா கழற்றி வைத்த என்ஜின்

நேற்றுக் காலை நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்போது மாமாவின் மகன் போன் செய்தார். "அக்கா, அப்பா போயிட்டாங்க" என்றார்.

குத்தாலம் பக்கம் வாடகைக் கார் ஓட்டிய சூசைராஜ் அவர்களைப் பலருக்கும் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போன டிரைவராகத்தான் தெரியும். சரியான கோபக்காரர். வண்டிக்குள் வெற்றிலை துப்பினால் சம்பந்தியானாலும் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிடுவார். எங்கள் தெருவுக்கு அவர் யார் என்பதை அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, ஆட்சி மாறியிருந்த காலம் அது. சுவரெல்லாம் புதுக்கொடி, வயலில் மட்டும் மிராசுதார் வைத்ததுதான் சட்டம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அறுவடைக்கு இறங்காமல் இருந்தது. முன்னால் நின்று கேட்டவர் என் அப்பா மாரிமுத்து. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அம்மா எங்களை வாய்க்கால் பக்கம்கூட விடவில்லை.

ஒரு மதியம், வேளாங்கண்ணிச் சவாரி முடித்து மாமா வீடு திரும்பியதுமே மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வந்து நின்றார். பொழுது சாய வண்டி வேண்டும், வெளியூர் ஆட்களைக் கூட்டிவர வேண்டும் என்றார். அறுக்கவா என்று மாமா கேட்டிருக்கிறார். "அறுக்கத்தான்" என்று அவர் சிரித்தாராம். வருவது கதிரை அறுக்க அல்ல, எங்கள் தெருவை வெட்ட என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது என்பார் மாமா.

பெரிய பண்ணைக்கு முடியாது என்று சொல்லும் வழக்கமே எங்கள் பக்கத்தில் கிடையாது. ரிப்பேர் என்று சொன்னால் சாவியைப் போட்டுப் பார்ப்பார்கள். "எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. அதான் நெசமாவே ஓடாம பண்ணிட்டேன்" என்பார்.

துணைக்கு வருபவனும் மாட்டிக்கொள்வான் என்று யாரையும் கூப்பிடவில்லை. கொல்லைப் புளியமரத்தடியில் காரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றினார். கிளையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி என்ஜினைத் தூக்கி, காரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வைக்கோல் மேல் இறக்கினார். ஒற்றை ஆள்! சங்கிலி நழுவியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அவசரத்தில் என்ஜினை ஆறவிடவில்லை. கையெல்லாம் கொப்புளம்.

பொழுது சாயக் காரியக்காரர் வந்தார். காரைப் பார்த்தார். குனிந்து உள்ளங்கையை என்ஜின் மேல் வைத்தார்.

"இன்னும் சூடு இருக்கே, சூசை. சரி, பாத்துக்கறோம்."

அவர் போனதும் மாமா வரப்பு வழியே ஓடிவந்து எங்கள் தெருவுக்குச் சொல்லிவிட்டார். வேறு கார் அகப்படாமல் விடியற்காலையில் டிராக்டரில்தான் வந்தார்கள். சத்தம் தூரத்திலேயே கேட்டது. பெண்டு பிள்ளைகளோடு எல்லோரும் வாழைக்கொல்லைக்குள் போய்விட்டோம். மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிய அப்பா மட்டும் அவர்கள் கையில் சிக்கினார். அரிவாள் வெட்டு. கயிற்றுக் கட்டிலில் போட்டு மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியவர் மாமா. பாதி வழியிலேயே அப்பா போய்விட்டார்.

"வண்டி இருந்தா பொழைச்சிருப்பான். நான்ல கழட்டிப் போட்டேன்" என்று மாமா எங்கள் வாசலில் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா அழுதுகொண்டேதான் சொன்னார்: "நீங்க வண்டியக் குடுத்திருந்தா, கட்டில் தூக்க ஒரு ஆம்பளகூட மிஞ்சியிருக்க மாட்டான்ணே."

மாமா அதை ஏற்கவேயில்லை. என்ஜினைத் திரும்பப் பூட்டிய பிறகு, சவாரி இல்லாத நேரமெல்லாம் கார் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும், ஆஸ்பத்திரி ரோட்டைப் பார்த்தபடி. அதில் ஏறிப் பிரசவத்துக்குப் போகாத பெண் எங்கள் தெருவில் இல்லை. காசு கொடுத்தால் திட்டுவார்.

போன மாதம் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். கட்டிலில் போகும்போது அப்பா அவரிடம், "கார் வரலையாண்ணே?" என்று கேட்டாராம். இத்தனை வருஷமும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மாலை கல்லறைத் தோட்டத்தில், எங்கள் தெருவே வரிசையில் நின்று ஆளுக்கொரு பிடி மண் போட்டது. என் முறை வந்தபோது மனசுக்குள் சொன்னேன்.

மாமா, அப்பா அதை வலியில் கேட்டார். இப்போது அவரிடம்தான் போகிறீர்கள். கார் ஏன் வரவில்லை என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.