கொடுத்த டப்பாக்கள்

காலை ஆறே முக்காலுக்கு மேலப்பாளையத்தில் நண்பர் வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது, அவர் கையிலிருந்த காலி மஞ்சப்பை. துபாயிலிருந்து மகன் அனுப்பும் வைட்டமின் சி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து, விருந்தாளிகளுக்கு சர்பத்தாகக் கொடுத்தவர். தெருவுக்கே டப்பா டப்பாவாகப் பங்கிட்டவர். தாமும் தினம் நாலைந்து கரைத்துக் குடித்தார். சிறுநீரகத்தில் கல் வந்தது. மாத்திரை அளவு மீறியதும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே, கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கிளம்பிவிட்டார்.

"கொடுத்தத திருப்பிக் கேக்க வெக்கமா இல்லியா வே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எனக்கு வந்த வலி ஒமக்கு வந்தா வெக்கமெல்லாம் பறந்துரும் வே. எடும்!"

என் தவறைத் தெருவில் நின்று இப்படிச் சிரித்தபடி சொல்ல எனக்குத் துணிவு வராது. மதியத்துக்குள் பை நிறைந்தது. எதிர்வீட்டு டப்பா மட்டும் காலியாக இருந்தது.