ஏழரை லட்சம் என்று ஒன்று இல்லை

1. கரும்பலகையில் மாட்டிக்கொண்ட நாள்

விராலிமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரமே மாணவிகள் என்னை மடக்கிவிட்டார்கள். ப்ராபபிலிட்டி வகுப்பில் ஒரு பழைய புதிரை எழுதிப் போட்டிருந்தேன். தலை விழும்வரை நாணயத்தைச் சுண்ட வேண்டும். முதல் முறையே தலை விழுந்தால் இரண்டு ரூபாய். இரண்டாம் முறை என்றால் நான்கு. மூன்றாம் முறை என்றால் எட்டு. இப்படியே இரட்டிக்கும். ஒவ்வொரு கட்டமும் சராசரியில் ஒரு ரூபாய் சேர்க்கும், கட்டங்களுக்கோ முடிவில்லை. ஆகவே எவ்வளவு கட்டி ஆடினாலும் லாபம் என்கிறது சூத்திரம்.

"அப்ப நீங்க ஒரு லட்சம் கட்டி ஆடுவீங்களா மேடம்?" என்றாள் ஒருத்தி.

"மாட்டேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் இருந்த விளக்கத்தை வாசித்துச் சமாளித்தேன்.

2. மேரி கேட்ட கணக்கு

அன்று புரொஜெக்டரைச் சரிசெய்துகொண்டு வகுப்பில் நின்றிருந்தார் எங்கள் லேப் அட்டெண்டர் மேரி. அன்னவாசல்காரர், என் வயதுதான். போர்வெல் லாரியில் வேலை பார்த்த கணவர் குழாய் சரிந்து இறந்துபோனார். நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் மேரி என் மேசைக்கு வந்தார். "சூதாட்டத்துக்கு என்ன வெல தகும்னு சொன்னீங்கல்ல மேடம், என் கேஸும் அப்பிடித்தான். மொதலாளி ஆறு லட்சம் தாரேங்கிறாரு. வக்கீலு, இழுத்துப் புடிச்சா பதினஞ்சு வரும், தோத்தா ஒண்ணுமில்லங்கிறாரு. பாதிக்குப் பாதிதானாம். வாங்கிக்கவா, வேணாமா?"

தாளில் போட்டுப் பார்த்தேன். "சராசரி ஏழரை வருது மேரி. ஆறு கம்மி. கேஸை நடத்துங்க."

மேரி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தா பதினஞ்சு, இல்லாட்டி ஒண்ணுமில்ல. நடுவுல ஏழரைன்னு ஒண்ணு வராதுல்ல மேடம்?"

"நூறு கேஸ் நடந்தா சராசரி அப்படி வரும்."

"ஒரு தடவதான மேடம் செத்தாரு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூத்த மகளின் நர்சிங் படிப்புக்கு அடுத்த மாதமே ஃபீஸ் கட்ட வேண்டும் என்று அதன் பிறகுதான் சொன்னார்.

3. புதுக்கோட்டையில்

அரை நாள் லீவு போட்டு அவருடன் புதுக்கோட்டை கோர்ட்டுக்குப் போனேன். ஆறு லட்சத்துக்குச் சமரசம் என்று எழுதிய தாளில் மேரி கையெழுத்துப் போட்டார். தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, அதே விபத்தில் இறந்த இன்னொருவரின் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம் தீர்ப்பானது. அதை மேரியிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"நல்லா இருக்கட்டும் மேடம். அவுங்களுக்கு வயக்காடு இருக்கு, காத்திருக்க முடிஞ்சுச்சு. எம்மக இப்ப நர்சிங் மூணாம் வருசம் படிக்கிறா."

இப்போதும் இப்படிப்பட்ட கேள்வியோடு யாராவது என்னிடம் வருகிறார்கள். நான் உடனே பேனாவை எடுப்பதில்லை. உட்காரச் சொல்லி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை நாள் தாங்கும் என்று முதலில் கேட்கிறேன்.