ஸ்டியரிங்குக்குக் கட்டிய காப்பு

எனக்கு சர்வீஸ் நான்கு வருஷம்தான். அதற்குள் அனுபவக் குறிப்பா என்று மூத்த கண்டக்டர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கரியில் ஓடும் பஸ்ஸில் கழிந்த ஒரு வருஷத்தை இரண்டாக எண்ண வேண்டும் என்பது என் கட்சி. புதிதாக லைனுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சமாசாரம் இருக்கிறது. அது ஒரு நெல்வயலில் ஆரம்பிக்கிறது.

1. செவலை மாடு

சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பஸ் ரோட்டை விட்டு இறங்கி, நடவு முடிந்த வயலுக்குள் போய் நின்றது. சேறு பிடித்துக்கொண்டதால் கவிழவில்லை. கூடைகள் உருண்டன. ஒரு பெட்டைக்கோழி ஜன்னல் வழியாகத் தப்பித்து ஓடியது. முன்சீட்டுப் பெண்ணின் மடியிலிருந்த கைக்குழந்தை நழுவி என் கையில் வந்து விழுந்தது. டிக்கெட் கட்டு இருந்த கையில் குழந்தை இருந்தது. அது அழவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டியது.

டிரைவர் சுருளியண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கள் வாடை எனக்கு எட்டியது. பின்னால் இருந்தவர்களுக்கு எட்டுவதற்குள் நான் கத்தினேன்.

"மாடு! மாடு குறுக்க வந்துருச்சு!"

மாடும் வரவில்லை, கன்றும் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் ஒருவன் ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றவர்கள் பார்க்காமல் இருப்பார்களா?

"ஆமா, நானும் பாத்தேன். செவலை மாடு."

"செவலை எங்கனய்யா? மயிலை. ஒரு கொம்பு ஒடிஞ்சது."

"சென மாடுய்யா அது. பாவம், அதான் ஓட முடியல."

கம்பம் போய்ச் சேர்வதற்குள் அந்த மாடு கன்று ஈன்றிருக்கும். பெரும்பான்மை அபிப்பிராயப்படி செவலை என்று முதலாளியிடம் சொன்னேன். மட்கார்டு நசுங்கிய கோபத்தில் அவர் மாட்டுக்காரனைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினார்.

2. சுவருக்கு அந்தப் பக்கம்

சுருளியண்ணன் எனக்கு டிரைவர் மட்டுமல்ல, கம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் இடுப்பளவு மண்சுவர்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, மலையாளத்துத் தோட்டத்துக்குப் போகிறேன், பட்டாளத்துக்குப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்த என்னை முதலாளியிடம் கூட்டிப்போய் வேலை வாங்கித் தந்தவர் அவர். காலையில் அவரைப்போல ஓட்ட ஆள் கிடையாது. மடியில் முட்டை வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறினால் தேனியில் முட்டையோடு இறங்கலாம். கோளாறெல்லாம் மத்தியானத்துக்குமேல்தான்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் வண்டியின் முதுகில் ஆளுயர அடுப்பு ஒன்றை மாட்டினார்கள். அதில் கரியைப் போட்டு எரித்து, வருகிற கேஸில் இன்ஜினை ஓட்ட வேண்டும். தேனியில் மத்தியான ஹால்ட்டில் சாம்பல் தட்டி, கரி நிரப்பி, காற்று ஊதும் புளோயர் கைப்பிடியைப் பிடித்து அரைமணி சுற்றினால்தான் கேஸ் பிடிக்கும். கிளீனர் வைக்க முதலாளிக்கு மனசில்லை. நான் சுற்றினேன். அந்த அரைமணியில் சுருளியண்ணன் தென்னந்தோப்புக் கள்ளுக்கடைக்குப் போய் வருவார். என் முகத்தில் கரி ஏற ஏற, அவர் முகத்தில் களை ஏறும்.

வயலில் இறங்கிய மறுநாள் அவருடைய சம்சாரம் பேச்சி மதினி சுவரோரம் வந்து நின்றார்.

"கொழுந்தனாரே, மாடு குறுக்க வந்துச்சாம்ல?"

"ஆமா மதினி."

"என்ன நெறம்?"

"செவலை."

"அதுக்கு வாயில கள்ளு வாடை அடிச்சுச்சா?"

மதினி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"முதலாளி காதுக்குப் போனா அவுக வேல போயிரும். போகலைன்னா ஒருநா அவுகளே போயிருவாக, வண்டியில இருக்குற சனத்தையும் சேத்துக் கூட்டிக்கிட்டு. நாலு புள்ளைய வச்சுக்கிட்டு நான் எது நடக்கணும்னு வேண்டட்டும்? நீங்க படிச்சவுக. ஏதாச்சும் செய்யுங்க."

3. படித்தவன் செய்தது

முதலில் புத்தி சொன்னேன். "ஏலே எஸ்ஸெல்சி, எனக்குக் குடிச்சாத்தான்டா ரோடு நேராத் தெரியுது" என்றார்.

கள்ளுக்கடைக்காரரிடம் போய் இவருக்கு ஊற்றாதீர்கள் என்றேன். "ஏந்தம்பி, உங்க வண்டியில ஏறாதனு நான் எவனுக்காச்சும் சொல்றனா?" என்றார். நியாயம்தானே.

ஒருநாள் அவர் தள்ளாடி வருவதைப் பார்த்து, இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைக் கரி மூட்டைக்குள் ஒளித்துவைத்தேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பாசஞ்சர்களை இறக்கித் தள்ளச் சொன்னார். அவர்களும் உற்சாகமாகத் தள்ளினார்கள். வண்டி கிளம்பிவிட்டது. அன்று வீரபாண்டி வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

அந்த வீரபாண்டிதான் வழி காட்டியது. சித்திரையில் அங்கே மாரியம்மன் திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். அதை அவிழ்க்கும்வரை கவுச்சி கிடையாது, கள் கிடையாது. கம்பத்தில் காலை டிரிப்பில் வண்டி முழுக்க மஞ்சள் சேலைகள். டிக்கெட் கிழித்தபடியே ஒவ்வொரு மணிக்கட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மனுஷனுக்குக் கட்டினால் அவர் சம்மதிக்க வேண்டும். வண்டிக்குக் கட்டினால் யார் சம்மதிக்க வேண்டும்?

மறுநாள் காலையில், வண்டி நிறைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை எடுத்து ஸ்டியரிங்கில் கட்டினேன்.

"ஆத்தா பேரச் சொல்லி வண்டிக்குக் காப்புக் கட்டுறேன். சனம் பத்திரமாப் போயிட்டு வரணும்."

பெண்கள் குலவை போட்டார்கள். சுருளியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் செலவிலேயே சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, "பாத்தீகளா, என் வண்டிக்கு வந்த மருவாதிய" என்று ஸ்டாண்டு முழுக்கப் பெருமையடித்தார்.

மத்தியானம் வழக்கம்போலத் தோப்புக்குப் போனார். வழக்கம்போல வந்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டியவர், சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"ஏலே, இதக் கொஞ்சம் அவுறு."

"நான் எப்பிடிண்ணே அவுக்குறது?"

"நீதானடா கட்டுன?"

"கட்டுறதுதான் நம்ம. அவுக்குறதுக்குத் திருவிழா முடியணும்ல."

முன்சீட்டிலிருந்த மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன டிரைவரே, வண்டியத் தொடாமப் பாத்துக்கிட்டே இருக்கீக?"

"ஒண்ணுமில்லத்தா. இன்ஜின் சூடு."

இன்ஜின் இன்னும் ஸ்டார்ட் ஆகவே இல்லை. அவர் இறங்கிப் போய்க் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். புளியமர நிழலில் படுத்தார். வெயில் சாய்ந்து, போதை இறங்கியபிறகுதான் வண்டி கிளம்பியது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. விரத வண்டி அப்படித்தான் போகும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அவருக்குப் போலீஸ் பயம் கிடையாது, முதலாளி பயமும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் கோடையில் தெருத்தெருவாக அம்மை வருகிற ஊரில், வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆத்தா காப்பைக் குடித்த கையால் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? மறுநாள் முதல் அவர் தோப்புப் பக்கமே போகவில்லை. பேச்சி மதினி சுவருக்கு மேலாகப் பணியாரம் நீட்டினார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

4. கருவாட்டுக் கூடை

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. விரதம் டிரைவருக்கு மட்டுமல்ல, வண்டிக்கு. அப்படியானால் வண்டியில் ஏறுகிற எல்லாவற்றுக்கும்.

வாராவாரம் தேனியிலிருந்து கம்பம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் ஒச்சம்மா கூடையோடு வந்து நின்றாள். காப்பு வண்டியில் கவுச்சி ஏற்றக் கூடாது என்று பெண்கள் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். ஒச்சம்மா இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏலே, மனுசன் விரதம் இருந்து பாத்துருக்கேன். தகர டப்பா விரதம் இருந்து இன்னைக்குத்தான்டா பாக்குறேன்!"

"நான் என்ன செய்ய ஆத்தா…"

"ஆத்தாவாம் ஆத்தா! அன்னைக்கு வயலுக்குள்ள எறக்குனீகளே, அப்ப நானும் வண்டியிலதான் இருந்தேன். எந்தச் செவலை மாடுடா வந்துச்சு? முதலாளிகிட்டச் சொல்லி ஒங்க ரெண்டு பேருக்கும் காப்பை அவுத்து விடுறேன் இரு!"

கூடை எதிர்க் கம்பெனி வண்டியில் ஏறியது. விரதம் என் தட்டுக்கும் வந்து சேர்ந்தது: "காப்புக் கட்டின வண்டியில ஒக்காந்து வந்துட்டு ஒனக்குக் கறிக்கொழம்பா?" என்று எங்கள் அம்மா அன்றிலிருந்து ரசத்தோடு நிறுத்திவிட்டாள்.

5. அவர் முறை

திருவிழா முடிந்தது. ஸ்டியரிங் காப்பை அவிழ்த்து வீரபாண்டி ஆற்றில் விட்டோம். இன்று மத்தியானம் தோப்புதான் என்று நான் பயந்துகொண்டே டிக்கெட் போட்டேன். தேனி ஸ்டாண்டில் சுருளியண்ணன் இடுப்பிலிருந்து புதுக் கயிறு இரண்டை எடுத்தார். ஒன்றை ஸ்டியரிங்கில் கட்டினார். மற்றதை என் தோளில் தொங்கிய பையில் கட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ஆத்தா பேரச் சொல்லிக் கட்டுறேன். நான் குடிச்சிட்டு ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. இவன் பையத் தோள்ல போட்டுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. இவன் எந்த நிமிசம் பொய் சொல்றானோ, அந்த நிமிசம் என் காப்பும் அவுந்துச்சு."

பெண்கள் குலவை போட்டார்கள். அவர்களுக்கென்ன!

"இதெல்லாம் எப்படிண்ணே தோணுச்சு?" என்றேன்.

"குடிக்காட்டி மத்தியானம் பூரா யோசிக்க நேரம் கெடைக்குதுல்ல."

கண்டக்டர் பொய் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று லைனில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடுப்பே பற்றாதபோதும் "இந்தா கெளம்பிருச்சு, ஏறுங்க ஏறுங்க" என்று கூவுவதுதானே தொழில்? இப்போது யாராவது எப்போது கிளம்பும் என்று கேட்டால், "இன்னும் கரியே போடல" என்று சொல்ல வேண்டும். எதிர்க் கம்பெனிக் கண்டக்டர் என்னைத் தன் விளம்பரமாகவே வைத்துக்கொண்டான். "நம்பலைன்னா அந்தக் காப்புக் கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டு வாங்க" என்று ஆட்களை என்னிடமே அனுப்பினான். கோபத்தில் ஒருநாள் கயிற்றை அறுக்கக் கை போனது. வயலில் என் கையில் வந்து விழுந்த குழந்தையின் கனம் அந்தக் கைக்கு ஞாபகம் இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த சந்தை நாளில் முதலாளி தேனி ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். பக்கத்தில் கூடையோடு ஒச்சம்மா.

"ஏப்பா கண்டக்டர், நெசத்தச் சொல்லு. அன்னைக்கு மாடு வந்துச்சா, வரலையா?"

பை தோளில் தொங்குகிறது. வந்தது என்றால் சுருளியண்ணன் தோப்புக்குப் போவார். வரவில்லை என்றால் வீட்டுக்குப் போவார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று பையைக் கழற்றினேன்.

"இதக் கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று அவர் கழுத்தில் மாட்டிவிட்டுச் சொன்னேன்: "வந்துச்சு முதலாளி. செவலை மாடு."

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! முதலாளி அவர் பக்கம் திரும்புவார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

"நீ சொல்லுய்யா சுருளி."

சுருளியண்ணன் பையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். என்னைக் கடித்துத் தின்றுவிடுவதுபோலப் பார்த்தார்.

"மாடு வரல முதலாளி. நான்தான் குடிச்சிருந்தேன்."

முதலாளி ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"இப்பவும் குடிக்கிறியா?"

"ஸ்டியரிங்கத் தொடுற நாள்ல இல்ல."

"லீவு நாள்ல?"

"பையக் கழட்டிட்டுச் சொல்லலாமா முதலாளி?"

முதலில் சிரித்தது ஒச்சம்மாதான். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "விடுங்க முதலாளி. கேட்ட கேள்விக்கு நெசத்தச் சொல்ற டிரைவரு இந்தப் பக்கத்துல வேற எங்கன இருக்காரு? என் கூடைய மட்டும் ஏத்தச் சொல்லுங்க, போதும்."

டிரைவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போய்விட்ட காலம். கரி வண்டியை மேட்டில் ஏற்றத் தெரிந்த ஆளை விட்டால் வேறு ஆள் கிடைக்காது என்பது முதலாளிக்கும் தெரியும். அவர் நசுங்கிய மட்கார்டை ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தரம் குடிச்சிட்டு வண்டியத் தொட்டன்னு தெரிஞ்சா நானே எழுதிப் போட்டு ஒன் லைசென்ஸப் புடுங்க வச்சிருவேன். இனிமே மத்தியானம் புளோயர் சுத்துறது ஒன் வேல. அரைமணியும் சுத்தணும்." பிறகு என்னிடம் திரும்பினார். "இல்லாத மாட்டுக்கு என் ஆளுகள ஊர் ஊரா அலைய வச்சேல்ல? உள்ள வச்சாத்தான கவுச்சி? வாராவாரம் அந்தக் கருவாட்டுக் கூடைய டாப்பு மேல ஏத்துறது ஒன் தலையிலதான்."

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. மத்தியானம் சுருளியண்ணன் சுற்றுகிறார், முகத்தில் கரி ஏறுகிறது. நான் பக்கத்தில் நின்று, "எப்பக் கெளம்பும்?" என்பவர்களுக்கு, "அண்ணனக் கேளுங்க" என்கிறேன். என் தலையிலோ கருவாட்டு வாடை சனிக்கிழமை எண்ணெய்க்கும் போவதில்லை.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கூட ஓட்டுகிறவர் வேண்டியவர் என்பதற்காக மாட்டைக் கூப்பிடாதீர்கள். அன்று நான் கூப்பிட்ட மாடு அவரை ஒருநாள் காப்பாற்றியது. மறுநாளும் அவரைக் குடித்துவிட்டு ஓட்ட வைத்ததும் அதே மாடுதான். புத்தி சொல்வதும் வேண்டாம். அவர் குடிக்கப் போகிற அந்த அரைமணிக்கு அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முதலாளியிடம் போக வேண்டும் என்றால், முதல் நாளே போய்விடுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேச்சி மதினி சுவரோரம் நிற்பார்.

"இன்னைக்கு மாடு வந்துச்சா கொழுந்தனாரே?"

"வரல மதினி."

பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னால்தான் சொல்வேன். மதினியும் முதலில் பையைத்தான் பார்ப்பார்.