நான்காம் வரிசையில் திருமதி ருஸ்டாட்

2011 ஏப்ரல் 16: மூன்று டாலர்.
மே 7: ஒன்றரை டாலர்.
ஜூன் 25: நாற்பது டாலர்.
ஆகஸ்ட் 13: இருபத்தைந்து சென்ட்.

அந்த ஆண்டு வெர்டெல் ஆசன், இறந்தவர்களின் வீட்டு விற்பனைகளில் கொடுத்த தொகைகள் இவை. வீட்டுக்காரர் போனதும் பிள்ளைகள் கதவைத் திறந்துவைத்து, கரண்டி முதல் கட்டில் வரை விற்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் பாதி விலை. வெர்டெல் இரண்டு மணிக்குத்தான் போவாள். எல்பர் கிரீக் பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள், கணவன் இல்லை, வயது எழுபத்தொன்பது. மற்றவர்கள் இழுப்பறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால், இவள் அதன் அடியில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளைப் பார்ப்பாள்.

ஏப்ரலில் வாங்கிய தையல் பெட்டியின் அடியில் எங்கள் ஊர் வாரத்தாள் ஒன்று இருந்தது. தேதி 1934 மே 17. அதில் இப்படி ஒரு செய்தி: "திருமதி இங்வால்ட் ருஸ்டாட்டின் அடக்கம் செவ்வாயன்று நடைபெற்றது. சாலை சேறாக இருந்தும் பலர் வந்திருந்தனர்."

இங்வால்ட் ருஸ்டாட் வெர்டெலின் அப்பா. அவர் மனைவி செல்மா 1989இல்தான் இறந்தாள். அவளுக்குக் குழி அளந்தவன் நான். எங்கள் லுத்தரன் கல்லறைத் தோட்டத்தின் பதிவேடு 1968 முதல் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் வெர்டெல் தாளை நீட்டினாள். நான் பதிவேட்டைப் புரட்டினேன். வரிசை 4, குழி 11: திருமதி இங்வால்ட் ருஸ்டாட், 15 மே 1934. இருவரும் போய்ப் பார்த்தோம். ரொட்டி அளவில் ஒரு தட்டைக் கல். அதில் 'அம்மா' என்ற ஒரே சொல்.

"யாரோட அம்மா, கிளிஃப்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. கிழிந்த பழைய பதிவேட்டை 1969இல் நான்தான் நகல் எடுத்தேன். ஓர் எழுத்துகூட விடவில்லை. அப்போது இங்வால்ட் உயிரோடு இருந்தார். ஞாயிறுதோறும் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். நான் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வதும் எங்கள் ஊரில் வழக்கமில்லை.

வெர்டெலுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பவள் தன்னைப் பெற்றவளா என்று தெரிய வேண்டும். பெற்றவள் என்றால், குளிர்காலத்தில் மண் உறைவதற்குள் அவள் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும்.

நூலகத்தில் பழைய வாரத்தாள்கள் படச்சுருளாக இருக்கின்றன. இருவரும் உட்கார்ந்து சுற்றினோம். 1935 நவம்பர் 7ஆம் தேதித் தாளில், திருமதி இங்வால்ட் ருஸ்டாட் தையல் வட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரைப் புதனன்று வீட்டுக்கு அழைத்து உபசரித்ததாக இருந்தது.

"செத்து ஒன்றரை வருஷம் கழிச்சு பன்னெண்டு பேருக்குக் காபி போட்டுக் குடுத்திருக்கா," என்றாள் வெர்டெல். "எங்க வீட்டுப் பொம்பளைங்க சோம்பேறிங்கன்னு இனிமே யாராவது சொல்லட்டும்."

மணமான பெண்ணை எங்கள் தாள் கணவன் பெயரால்தான் குறிப்பிடும். ஆகவே இங்வால்ட் இரண்டு முறை மணந்திருக்கிறார், முடிந்தது என்று நினைத்தேன். மே 7 அன்று அந்த எண்ணம் கெட்டது. ஒன்றரை டாலருக்கு வாங்கிய பீங்கான் தட்டைச் சுற்றியிருந்தது 1929 அக்டோபர் 17 தேதியிட்ட தாள். "இங்வால்ட் ருஸ்டாட் வட டகோட்டாவிலிருந்து மணமகளை அழைத்து வந்துள்ளார். இவர் நெல்ஸ் ஃபோசேயின் மகள்." செல்மாவும் நெல்ஸ் ஃபோசேயின் மகள்தான். அவளுடைய இறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. 1929இல் வந்தவள் செல்மா என்றால், 1932இல் வெர்டெலைப் பெற்றவளும் செல்மா. அப்படியானால் 1934இல் புதைத்தது யாரை?

வேறொரு இங்வால்ட் ருஸ்டாட் இருந்திருக்கலாம் என்று தேடினேன். இல்லை. தாள் தவறாக அச்சிட்டிருக்கலாம் என்றாள் வெர்டெல். தாள் தவறலாம், பதிவேடு தவறாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"உன் பதிவேட்டுல பேரே இல்லையே. அப்புறம் எங்கேர்ந்து தவறும்?"

அதன் பிறகு ஐந்து வாரம் என்னோடு பேசவில்லை.

ஜூனில் முழு விலை கொடுத்து ஒரு மெத்தைப் போர்வை வாங்கினாள். 1933இல் தேவாலயத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பணம் திரட்ட அறுபத்து நான்கு பெண்கள் ஆளுக்குப் பத்து சென்ட் தந்து, தங்கள் பெயரைத் தாங்களே தைத்தது. அதிலும் 'திருமதி இங்வால்ட் ருஸ்டாட்'. மற்ற தையல்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்க, அது மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. செல்மா வலது கைக்காரி. வெர்டெல் இடது கையால் எழுதுகிறவள். அதற்காகச் செல்மாவிடம் கரண்டியால் அடி வாங்கியவள்.

"இதை எழுதிக்கோ," என்றாள்.

"கையை ஆதாரமா எழுத முடியாது, வெர்டெல்."

"நீ மனுஷனே இல்ல, கிளிஃப். நீ ஒரு அலமாரி."

ஆகஸ்டில் ஒரு காலணிப் பெட்டி நிறைய அஞ்சலட்டைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒன்று 1933இல் திருமதி இங்வால்ட் ருஸ்டாட்டுக்கு வந்தது. கோழிகள் நலம், மழை இல்லை, அன்புடன் அம்மா. அஞ்சல் முத்திரை ஹெட்ரி, வட டகோட்டா. அந்த ஊர்த் தேவாலயத்துக்கு எழுதினேன். தேவாலயம் 1948இல் எரிந்துவிட்டது, ஏடுகள் இல்லை, உங்கள் கடிதத்தை ஃபோசே குடும்பத்தில் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று போதகர் பதில் போட்டார். பிறகு எட்டு வாரம் ஒன்றும் வரவில்லை. நவம்பர் இருபதுக்கு மேல் மண்ணில் கை வைக்க முடியாது என்று கல் வெட்டுபவர் இரண்டு முறை தொலைபேசியில் சொன்னார்.

கடைசியில் வந்த உறையில் ஒரு குடும்ப பைபிளின் முதல் பக்கத்தின் நகல் இருந்தது. நெல்ஸ் ஃபோசேக்கு இரண்டு மகள்கள். காரன், 1904: மணம் 1929 அக்டோபர், மரணம் 1934 மே. செல்மா, 1907: மணம் 1935 செப்டம்பர். இருவருக்கும் எதிரே கணவன் பெயர் ஒன்றே. காரனின் பெயருக்குக் கீழே, பென்சிலில், 'ஒரு பெண் குழந்தை, வெர்டெல்'.

என் சமையலறை மேசையில் வெர்டெல் அதை மூன்று முறை படித்தாள். அழவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா என்னை வளர்த்தது சித்தி. அம்மான்னு கூப்பிட்டப்ப ஒரு தடவைகூட இல்லன்னு சொல்லலியே. அது பாசமா, பொய்யா?"

அன்று பிற்பகல் முதியோர் இல்லத்தில் இருக்கும் மேபல் கிரோவனைப் பார்க்கப் போனோம். அவளுக்குத் தொண்ணூற்றாறு வயது. காரனை நினைவிருக்கிறதா என்று வெர்டெல் கேட்டாள்.

"நல்லா ஞாபகம் இருக்கு. உன்னை மாதிரியே இடது கை," என்றாள் மேபல். "உனக்குத் தெரியும்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லியே, கண்ணு."

திரும்பும் வழியில் வெர்டெல் காரை நிறுத்தச் சொன்னாள். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே இறங்கினாள். 'அம்மா' என்ற சொல் அப்படியே இருக்கட்டும், அதன் கீழ் காரன் என்று வெட்டச் சொல் என்றாள். பிறகு, செல்மாவின் கல்லில் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்குத் தானே பதிலும் சொன்னாள்: தெரியல, வசந்தத்துல சொல்றேன்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழ் எழுதினேன்: வரிசை 4, குழி 11, காரன் ஃபோசே ருஸ்டாட், வெர்டெலின் தாய். ஆதாரம்: ஹெட்ரியிலிருந்து வந்த கடிதம். கிடைத்த நாள் 2011 நவம்பர் 14, திங்கள்.