பாரோமீட்டரில் வைத்த சந்தனப் பொட்டு

சென்னையிலிருந்து வந்த டேங்கரை உள்ளே விடக் கூடாது என்று ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் நாகராஜ் சார் சொல்லிவிட்டார். காரணம், லேபில் நான் சோதித்து எழுதிக் கொடுத்த ஓர் எண். இருபத்திரண்டு.

அப்பா எண்ணெயைக் கொளுத்திப் பார்க்கிற வேலை செய்கிறார் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். பாதி சரி. எண்ணெய் சூடாகும்போது ஆவி கிளம்பும். எந்தச் சூட்டில் அந்த ஆவி நெருப்பைக் கண்டதும் பற்றுகிறதோ, அதுதான் பிளாஷ் பாயிண்ட். பெட்ரோலியம் சட்டப்படி அது இருபத்து மூன்று டிகிரிக்குக் கீழே இருந்தால் ஏ கிளாஸ், அதாவது பெட்ரோலோடு சேர்ந்த வகை. இருபத்து மூன்றிலிருந்து அறுபத்தைந்துக்குள் பி கிளாஸ். ஓசூரில் எங்கள் கம்பெனி ஷெட்டில் பி கிளாஸ் வைக்கத்தான் அனுமதி உண்டு.

கியர் கழுவுகிற புது லைனுக்காகச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் சால்வென்ட் என்கிற கழுவும் எண்ணெய் வாங்கினோம். அதுதான் முதல் லோடு. அவர்கள் அனுப்பிய சர்டிபிகேட்டில் இருபத்து நாலரை என்று இருந்தது. இங்கே பார்த்தால் இருபத்திரண்டு. அப்படியென்றால் வழியில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று நாகராஜ் சார் முடிவு செய்துவிட்டார். போதாக்குறைக்கு வண்டி வேறு லேட்.

டிரைவர் மாணிக்கம், ஊத்தங்கரைக்காரர், என் வயதுதான் இருக்கும். சானமாவு காட்டுப்பக்கம் யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டியது, ஃபாரஸ்ட்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்.

“லேட்டா வர்ற டிரைவர் எல்லாம் ஒரு யானையக் கூட்டிகிட்டுதான்பா வர்றீங்க” என்றார் நாகராஜ் சார். செக்யூரிட்டிகள் சிரித்தார்கள். மாணிக்கம் சிரிக்கவில்லை. லோடு திரும்பினால் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று வண்டி முதலாளி போனில் சொல்லியிருந்தார். கலப்படம் செய்தவன் என்று பெயர் வந்துவிட்டால் வேறு யார் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்?

அவர் நேராக லேப் வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் லேப் இன்சார்ஜ் கவிதா மேடத்திடம், “இன்னொரு வாட்டி பாருங்க மேடம். வால்வுல நான் கை வைக்கல” என்றார்.

நாகராஜ் சாருக்கு அது பிடிக்கவில்லை. மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “சார், கவர்மென்ட் ஆபீசரே டெஸ்ட் பண்ணாலும், சரக்குக்காரர் ஒத்துக்கலைன்னா மறு டெஸ்ட் கேக்கலாம்னு சட்டத்துல இருக்கு. நாம என்ன அவங்கள விடப் பெரியவங்களா?”

டேங்கரிலிருந்து புது சாம்பிள் எடுத்தோம். அதைக் குளிரவைத்து, ஆபெல் கருவியின் கப்பில் கோடு வரை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் மெல்லச் சூடேற்றினேன். சின்னச் சுடரை விட்டு விட்டு உள்ளே காட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் எண்ணெய் மேல் நீலமாக ஒன்று ஓடி மறையும். மூன்று முறை, மூன்று முறையும் புது எண்ணெய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாணிக்கம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டேதான் வந்தது. நான் இல்லை என்று தலையை ஆட்டியதும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் சென்னைக் கம்பெனி லேபுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விவரம் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெரியவர் குரல். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஓசூர்னா மேட்டு ஊராச்சேம்மா. உங்க பாரோமீட்டர் என்ன காட்டுது?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். காற்றழுத்தம் காட்டுகிற அந்த வட்டக் கருவியில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அதன் மேலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். லேபில் நாங்கள் எப்போதும் பார்ப்பது குவென்ச் ஆயில். பழுத்த இரும்பை முக்கிக் குளிரவைக்கிற எண்ணெய் அது. இருநூறு டிகிரியை ஒட்டித்தான் பற்றும். அதில் இரண்டு மூன்று டிகிரி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. அதனால் முள்ளைப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

ஈரத்துணியால் துடைத்தேன். அறுநூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர். கடல்மட்டத்தில் எழுநூற்று அறுபது இருக்க வேண்டியது.

சென்னைக்குப் போய்த் திரும்பும்போது, சூளகிரி தாண்டியதும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் தானாக உப்பிக்கொண்டதே, வெடித்துவிடும் என்று சின்னவன் பயந்தானே, அதே சங்கதிதான். இங்கே காற்று அமுக்குவது குறைவு. அதனால் ஆவி சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் பற்றும். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று சோதனை முறையிலேயே இருக்கிறது. மேடம் கூட்டினார். இரண்டரை. இருபத்திரண்டோடு இரண்டரை, சர்டிபிகேட்டில் இருந்த அதே இருபத்து நாலரை.

மேடம் கதவைத் திறந்து, “சரக்கு சுத்தம். உங்க மேல ஒண்ணுமில்ல, வண்டிய எடுங்க” என்றார். மாணிக்கம் உடனே எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அந்தத் துண்டை முகத்திலேயே வைத்திருந்தார். பிறகு எழுந்துபோய் முதலாளிக்குப் போன் போட்டார்.

நாகராஜ் சார் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு டீயோடு வந்தார். ஒன்றை மாணிக்கத்திடம் நீட்டினார்.

“எத்தன யானப்பா?”

“குட்டியோட அஞ்சு சார்.”

“குட்டி பெருசா?”

“இல்ல சார். தாய் காலுக்குள்ளயே வந்துச்சு.”

இருவரும் டீ குடித்து முடிக்கும்வரை யானையைப் பற்றித்தான் பேசினார்கள்.

நான் எழுதிய எண் தப்பில்லை. ஆனால் எந்த ஊரில் நின்று அளந்தோம் என்பதைச் சேர்க்காததால், ஒரு மனிதரை வாசல்படியில் உட்காரவைத்துவிட்டது. யாரையாவது பற்றி நீங்கள் ஒரு முடிவு சொல்ல நேர்ந்தால், இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னொரு முறை பார்க்கச் சொன்னால் பாருங்கள்.

ஆயுத பூஜைக்கு இப்போதும் பாரோமீட்டருக்குப் பொட்டு உண்டு. மரப் பிரேமில் வைக்கிறோம்.