மூன்றாவது ஸ்டேஜைத் தூக்கிய சொல்

ஃபேக்ஸ் மெஷினிலிருந்து அந்தத் தாளை எடுத்தபோது மாலை நான்கு மணி இருக்கும். டோக்கியோவிலிருந்து வந்திருந்தது. மறுநாள் பெங்களூரு வந்து இறங்கவிருந்த கனெமாரு என்பவரின் இரண்டு நாள் நிகழ்ச்சி நிரல். அதை ஆங்கிலத்தில் மாற்றி எங்கள் முதலாளி பிரகாஷ் சாரின் மேஜையில் வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. மூன்றாவது வரியைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வரியில் இருந்தது இவ்வளவுதான்: "முதல் நாள் காலை: மூன்றாவது ஸ்டேஜின் கடினத்தைச் சரிபார்த்தல்."

நாங்கள் செய்துகொண்டிருந்த வீடியோ கேமில் மூன்றாவது ஸ்டேஜே இல்லை. மூன்று வாரம் முன்பே அதைத் தூக்கிவிட்டோம். தூக்கச் சொன்னது கனெமாருதான் என்று அலுவலகத்தில் எல்லோரும் நம்பினார்கள். அப்படி மொழிபெயர்த்துச் சொன்னது நான்.

நான் எப்படி அங்கே வந்தேன்

நான் பெங்களூரு ஜோகுபாளையத்துப் பெண். அப்பா ஃபிட்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய மொழி தெரிந்தால் வேலை உண்டு என்று யாரோ சொன்னார்கள். மாலை வகுப்பில் சேர்ந்தேன். சில வருடம் மெஷின் கம்பெனிகளுக்கு மேனுவல் மொழிபெயர்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, வீடியோ கேம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் இன்டர்பிரெட்டர் ஆனேன். ஜப்பானில் வடிவமைக்கும் விளையாட்டுக்கு இங்கே படம் வரைந்து, புரோகிராம் எழுதித் தருவார்கள். நாற்பது பேர் இருந்த இடத்தில் ஜப்பானிய மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது பெருமையாக இருந்தது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. நான் தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்க அங்கே ஆளே கிடையாது.

கனெமாரு அந்த விளையாட்டின் டிசைனர், புரொட்யூசர் இரண்டும். காசு போட்டு ஆடும் மெஷின்கள் வந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். கடைக்குப் போகவிருந்த ஒரு விளையாட்டை, அதில் வரும் ஆள் குதிப்பது சரியில்லை என்று கடைசி வாரத்தில் நிறுத்தியவர் என்று சொல்வார்கள். நேரில் பார்ப்பதற்கு முன்பே எல்லோருக்கும் அவரிடம் பயம் வந்துவிட்டது.

அந்த போன்கால்

மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். இந்தப் பக்கம் பிரகாஷ் சார், நான், லெவல் டிசைனர் ஆன்டனி. எதிரி எங்கே நிற்க வேண்டும், பள்ளம் எவ்வளவு அகலம் என்றெல்லாம் ஸ்டேஜை அமைப்பவர் ஆன்டனி, விவேக் நகர்க்காரர். அந்தப் பக்கம் கனெமாரு. லைன் மோசம். குரல் விட்டு விட்டுக் கேட்டது.

மூன்றாவது ஸ்டேஜைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உயர்ந்தது. என் காதில் சரியாக விழுந்தவை மூன்று சொற்கள். "சன்மென்", அதாவது மூன்றாவது ஸ்டேஜ். அடுத்தது "நந்தோ". கடைசியாக "ஒதொஷிதே". ஒதொஷிதே என்றால் குறைத்துவிடு என்றும் பொருள், விட்டுவிடு என்றும் பொருள். நந்தோ என்ற ஒலிக்கும் இரண்டு பொருள் உண்டு: எத்தனை தடவை என்பது ஒன்று, கடினத்தின் அளவு என்பது இன்னொன்று. எழுத்தில் இரண்டும் வேறு வேறு. காதுக்கு ஒன்றேதான்.

அவர் சொன்னது, "மூன்றாவது ஸ்டேஜின் கடினத்தைக் குறையுங்கள்." நான் புரிந்துகொண்டது, "எத்தனை தடவை சொல்வது, மூன்றாவது ஸ்டேஜை விட்டுவிடுங்கள்."

எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் பொய். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால், எத்தனை தடவை சொல்வது என்று எரிந்து விழுகிறவரிடம் இன்னொரு தடவை எப்படிக் கேட்பது? "புரிந்தது" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அனுப்பிய மினிட்ஸ் குறிப்பில்கூட "பேசியபடி மாற்றுகிறோம்" என்று ஒற்றை வரியோடு முடித்தேன்.

மழையில் மூழ்கிய ஒரு ஊர்தான் அந்த மூன்றாவது ஸ்டேஜ். ஆன்டனிக்கு நான்கு மாத உழைப்பு. அதன் பின்னணிப் படங்களை வரைந்தது நஸ்ரீன், ஆடுகோடியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆர்ட்டிஸ்ட். ஸ்டேஜ் போனதும் அவளுக்கு வேலை இல்லை. வெள்ளிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்

ஃபேக்ஸ் வந்த அன்று யாரிடமும் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலை மொழிபெயர்த்தபோது அந்த வரியை மட்டும் "முதல் நாள் காலை: ஸ்டேஜ்களைப் பார்வையிடுதல்" என்று மாற்றினேன். நான் தெரிந்தே செய்த முதல் பொய் அது.

மறுநாள் மதியம் கனெமாரு வந்தார். அடுத்த நாள் காலை மீட்டிங். ஒல்லியான ஆள், நரைத்த தலை, சட்டைப் பையில் இரண்டு பென்சில். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மூன்றாவது ஸ்டேஜ் எப்படி வந்திருக்கிறது?"

"ஏன்ரீ கலா, என்ன கேக்கறாரு?" என்றார் பிரகாஷ் சார். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"அடுத்த மாசத்து ஷெட்யூல் கேக்கறாரு சார்" என்றேன்.

பிரகாஷ் சார் உற்சாகமாக ஷெட்யூலை விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கனெமாருவிடம் ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "கடைசித் திருத்தம் நடக்கிறது. நாளை காட்டுகிறோம் என்கிறார்."

அவர் தலையாட்டினார். பிரகாஷ் சாரும் திருப்தியாகத் தலையாட்டினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் எதைச் சொன்னாலும் இரண்டு பக்கமும் நம்பும். இப்படியே நாளைக்கும் சொல்லலாம், அதற்கடுத்த நாளும் சொல்லலாம். எங்கே போய் நிற்கும்? ஏசி அறையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவரும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். தயிர்சாதத்தை ஸ்பூனால் கிளறிக்கொண்டே அவராகப் பேசினார். ஆரம்பத்தில் விளையாட்டு மெஷின்களின் முன்கண்ணாடிக்குப் படம் வரைந்தாராம். பிறகு கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக ஆட்களை வரைந்தார். ஒரு விளையாட்டு நன்றாக ஓடியதும் டிசைனர் ஆக்கினார்கள். கடைசியாகச் செய்த இரண்டும் ஓடவில்லை.

"இதுவும் ஓடாவிட்டால் எனக்கு ஒரு மேஜை கொடுப்பார்கள். மற்றவர்கள் செய்யும் விளையாட்டைப் பற்றிய ரிப்போர்ட்டைப் படிக்கும் மேஜை" என்றார். ஸ்பூனைக் கீழே வைத்தார். "பயமாக இருக்கிறது. அதனால்தான் போனில் சத்தமாகப் பேசிவிடுகிறேன். நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

அன்று போனில் நான் கேட்டது கோபமே இல்லை.

சொன்னது

நேராக ஆன்டனியிடம் போனேன். ஸ்டேஜை இனி மீட்க முடியுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மௌஸை விட்டுக் கையை எடுத்தார்.

"இன்னா கலா சொல்ற? அவரு தூக்கச் சொல்லவே இல்லியா?"

"இல்ல."

"அந்த நஸ்ரீன் பொண்ண வீட்டுக்கு அனுப்பிச்சிட்டோமே. நான்தானே அவகிட்ட போயி, ஜப்பான்காரருக்குப் புடிக்கலமான்னு சொன்னேன்." அவர் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். "பேக்கப் டேப்புல பழசு இருக்கும். கடைசி பத்து நாள் வேல போச்சு. நீ இப்பவே போயி நேரா சொல்லிடு. சாயந்தரத்துக்குள்ள நீ சொல்லலேன்னா, நான் சொல்வேன்."

கான்ஃபரன்ஸ் ரூமில் பிரகாஷ் சாரும் கனெமாருவும் இருந்தார்கள். கதவருகே நின்றே சொன்னேன். முதலில் தமிழில், அடுத்து ஜப்பானிய மொழியில். போனில் தப்பாகக் கேட்டதைச் சொன்னேன். நிகழ்ச்சி நிரலை மாற்றியதைச் சொன்னேன். காலையில் இருவரிடமும் பொய் சொன்னதையும், பழைய ஸ்டேஜ் பேக்கப் டேப்பில் இருப்பதையும் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியதால் உட்காரவில்லை.

பிரகாஷ் சார் எழுந்துவிட்டார். "தல கெட்டுப் போச்சா உனக்கு? நாப்பது பேர் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியே! நாளையிலேருந்து ஆஃபீஸ் பக்கம் வராத!"

கனெமாரு என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அங்கே வேறு இன்டர்பிரெட்டர் இல்லை. நானே மொழிபெயர்த்தேன். "நாற்பது பேரின் பிழைப்பை நான் கெடுக்கப் பார்த்தேன் என்கிறார். நாளை முதல் நான் வரக்கூடாது என்கிறார்." ஒரு சொல்லையும் விடவில்லை, கூட்டவும் இல்லை.

கனெமாருவின் முகம் வெளுத்திருந்தது. என்னிடம் கேட்டார்: "டேப்பில் என்ன இருக்கிறது?"

ஆன்டனி பழைய ஸ்டேஜை மீட்டு எடுத்துப் போட்டார். கனெமாரு விளையாடினார், செத்தார், திரும்ப விளையாடினார். பையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்து, எந்தப் பள்ளத்தைக் குறுக்க வேண்டும், எந்த எதிரியை எடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்தார். ஒவ்வொன்றையும் குறித்தபின் தாளை என் பக்கம் தள்ளுவார். நான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் ஆன்டனியிடம் சொல்லலாம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது பிரகாஷ் சாரிடம் ஒன்று மட்டும் சொன்னார், அதையும் நானேதான் மொழிபெயர்த்தேன்: "இவரை மாற்றினால் புதியவர் பழக மாதங்கள் ஆகும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை."

வேலை போகவில்லை. ஆன்டனி ஒரு மாதம் என்னோடு வேலைக்கு அவசியமானதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. விளையாட்டு கடைக்குப் போனது, சுமாராக ஓடியது. கனெமாரு அதற்குப் பிறகு இன்னும் இரண்டு விளையாட்டுகள் செய்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஆடுகோடியில்

கனெமாரு திரும்பிப் போன வாரமே நஸ்ரீனைத் தேடிப் போனேன். ஒரு ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறையில் இருந்தாள். கல்யாணப் பத்திரிகைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். மீட்டிங்கைவிட அந்தப் படியேறத்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். திரும்ப வரச் சொல்லி ஆன்டனி கேட்டதையும் சொன்னேன். அவள் கட்டிக்கொண்டிருந்த கட்டை அப்படியே விட்டாள்.

"அப்போ என் படம் நல்லாத்தான் இருந்துச்சா, அக்கா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. படத்துல ஒரு புள்ளிகூட அவரு மாத்தச் சொல்லல."

"ப்ரஷ்ஷு, கலரு எல்லாத்தையும் சித்தப்பா பொண்ணுக்குக் குடுத்துட்டேன் அக்கா. எனக்கு வரைய வரலேன்னு நெனச்சுட்டேன்." அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு இன்னொரு தடவ கேட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் அக்கா? திட்டியிருப்பாரு. அவ்ளோதானே?"

அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அறிவுரை கேட்டால், நஸ்ரீன் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு பல வருடம் இன்டர்பிரெட்டராக இருந்தேன். சந்தேகம் வந்த ஒவ்வொரு முறையும் "மன்னிக்க வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் மேஜையைத் தட்டினார். கேட்கும்போது நெஞ்சு படபடப்பது கடைசி வரை நிற்கவே இல்லை. படபடப்போடேயே கேட்டேன்.